உன்னிச்சைக் குளத்தில் ஒரு கொம்புமுறி

கணவனும் மனைவியும் ஒரே பந்தயத்தில் எதிரெதிராக இறங்கலாமா என்று எவரேனும் மட்டக்களப்பாரிடம் கேட்டால் அவர் சிரித்துவிடுவார். தெய்வமாகிய கண்ணகிக்கும் அவள் கணவன் கோவலனுக்கும் நடந்த பந்தயத்தை, ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று வழிவழியாக நடத்திப் பார்த்த மண் இது. இருவரும் பூக்கொய்யச் சென்றனராம். கொக்கிக் கம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அவன் ஒரு பக்கம் இழுத்தான். அவள் மறுபக்கம் இழுத்தாள். முறிந்தது கோவலனின் கொம்பு. இந்தக் கதையை வைத்தே கொம்புமுறி என்னும் விளையாட்டு எழுந்தது. வடசேரியார் கோவலன் கட்சி. தென்சேரியார் கண்ணகி கட்சி. வைரம் பாய்ந்த வளைகொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் பூட்டி, ஊரார் எல்லாரும் இழுப்பர். தோற்ற கட்சிக்கு வசைப்பாட்டுக் கிடைக்கும். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தின் பெயரால் இதே விளையாட்டை அங்கெலிய என்று ஆடினர். இக்காலத்தில் இது அருகிப்போயிற்று என்பது வேறு கதை.

மனைவியிடம் தோற்பதற்குத் தெய்வமே வழிகாட்டியிருக்கும் நாட்டில் பிறந்தும், ஒரு தோல்வியை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூடி வைத்திருந்தவன் நான். அதைத்தான் இங்கே எழுதப் புகுகின்றேன்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்போம். மேற்கே வயலும் காடும் குளமுமாக விரிவது படுவான்கரை. கதிரவன் எழும் கரை, படும் கரை. இதைவிடப் பொருத்தமாக எந்தப் புவியியல் நூலாசிரியனும் பெயர் வைத்திருக்க மாட்டான். நான் படுவான்கரையான். என் தாய் வீடு உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டை ஒன்றின் ஓரத்தில் இருந்தது. என் மாமன் வாவியில் மீன்பிடித்து எழுவான்கரையில் வாழ்ந்தவர். அவர் மகளை 1977ஆம் ஆண்டு தை மாதம் மணந்தேன். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது; மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். குடி என்னும் வமிசமும் தாய்வழியே வருவது. பிற ஊர் நண்பர்கள் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. நானும் அக்காலத்தில் உள்ளூரச் சற்றுக் கூச்சப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் நடந்தவற்றுக்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம்.

திருமணத்துக்குப் பின் வந்த முதற் சித்திரைக்கு, வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு வழியாக, ஆயித்தியமலையையும் தாண்டி என் தாய் வீட்டுக்கு வந்தோம். உன்னிச்சைக் குளத்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு சொல். குளம் என்ற பெயரைக் கேட்டு அல்லியும் படித்துறையும் உள்ள கோயிற்குளத்தை நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சிறு கடல். நீண்ட மண்கட்டு, துருசு, வான்கதவுகள். கட்டின்மேல் நின்றால் மேற்கே நீர் முடியுமிடத்தில் காடு கோடாகத் தெரியும். அன்று நீருக்குள்ளே பட்டமரங்கள் பல நின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் சிறகு விரித்துக் குளிர்காய்ந்தன. மாலையில் யானைகள் நீருக்கு வரும். முதலையும் உண்டு. மார்கழி மாரியில் நிரம்பிய நீர் சித்திரையில் சற்று இறங்கித் தெளிந்திருக்கும். கச்சான் காற்றுத் தொடங்குவதற்கு முன் குளம் கண்ணாடிபோல் கிடக்கும் நாட்கள் அவை.

புத்தாண்டுக்கு மறுநாள் வழக்கமான விளையாட்டுக்கள் நடைபெற்றன. அந்த ஆண்டு இளைஞர் சிலர் புதிதாக ஒன்றைச் சேர்த்தனர்: கட்டிலிருந்து எதிர்க்கரையில் உள்ள ஒரு மருதமரம்வரை நீந்த வேண்டும். ஏறத்தாழ ஒரு மைல். முதற் பரிசு ஒரு மூட்டை நெல். இரண்டாம் பரிசு ஒரு மண்வெட்டி. அந்தக் குளத்தை நான் பலமுறை பாதிவரை நீந்தித் திரும்பியவன். முதல் நாள் இரவு முற்றத்தில் இருந்து அந்த வீரத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தேன் போலும். என் மனைவி பாக்குச் சீவிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல், "பாதிக்குப் போய்த் திரும்பினா முழுத்தூரம் ஆகுமா, மச்சான்?" என்று கேட்டாள். என் தாய் சிரித்துவிட்டாள். கணக்குப்படி ஆகும்தான். ஆனால் அந்த முற்றத்தில் கணக்கு எடுபடவில்லை.

மறுநாள் காலை, பெயர் கொடுத்த நால்வரோடு ஐந்தாவதாக அவளும் நின்றாள். பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். பெண்பிள்ளை இத்தனை பேர் பார்க்க நீந்துவதா என்றார். கண்ணகையம்மன் கோயிற் கட்டாடியார் அங்கே இருந்தார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கொம்பு இழுத்தவள் ஆர்? ஆம்பிளையா?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. அவள் குறுக்குக்கட்டை இறுக்கி, ஒரு பழைய தாவணியை இடுப்பில் இரண்டு சுற்றாகச் சுற்றி முடிந்துகொண்டாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சங்கு ஊதினார்கள். நடுவர் இருவர் ஒரு தோணியில் பின்னால் வந்தனர். முதற் கால்மைலிலேயே ஓர் இளைஞன் மூச்சு வாங்கித் தோணியின் விளிம்பைப் பிடித்துவிட்டான். அவனை ஏற்றிக்கொண்டு தோணி கட்டுக்குத் திரும்பிற்று. பின்னர் யாரோ கரையிலிருந்து "முதலை!" என்று கூவினான். மிதந்தது ஒரு பட்டைக்கட்டைதான் என்று பின்பு தெரிந்தது. ஆனால் அதற்குள் மற்ற இருவரும் திரும்பிவிட்டனர். அஞ்சாமல் முன்னே சென்றவர்கள் நாங்கள் இருவருமே. அஞ்சாமல் என்று எழுதுவது அவளைப் பொறுத்தவரை சரி. நான் திரும்பாததற்குக் காரணம், அவள் எனக்கு முன்னே பத்துப் பாகம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் நீந்திய விதத்தை இப்போதும் என் கண்முன் நிறுத்த முடிகிறது. நான் தலையை உயர்த்தி, மார்பால் நீரை இடித்து, கையை வீசி வீசிப் போனேன். அவளோ நீரோடு ஒட்டிக் கிடந்தாள். பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை முகத்தை நிமிர்த்தி மருதமரத்தைப் பார்த்துக்கொள்வாள். மீண்டும் முகம் நீருக்குள் போய்விடும். கரையும் கோடும் இல்லாத அகன்ற நீரில் நேராகப் போவதுதான் பாதி வெற்றி. நான் எத்தனை முறை கோணலாகப் போய்த் திரும்பினேன் என்பதை எண்ணவில்லை. உவர்நீரில் பழகியவளுக்கு நன்னீர் கனத்துத் தோன்றும், விரைவில் களைத்துவிடுவாள் என்று நான் கணித்திருந்தேன். கணிப்பில் பிழையில்லை, கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது, ஆகையால் மிதப்பதற்கு எளிது. ஆனால் அந்த வேறுபாடு அவளை நிறுத்தப் போதவில்லை.

பட்டமரக் கூட்டத்தை நெருங்கும்போது என் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிற்று. காலையில் உண்ட பாற்சோறே காரணம் என்று என் தாய் கடைசிவரை சொன்னாள். உண்டபின் நீந்தினால் குரக்குவலி வரும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. அதற்குத் தக்க சான்று கிடையாது. களைத்த தசை தானாகச் சுருங்கிக்கொள்வதே பெரும்பாலும் காரணம். காரணம் எதுவாயினும் நான் நீர் குடித்தேன். கூவ முயன்றேன், வாயில் நீர் புகுந்தது. மூழ்குபவன் கூச்சலிடுவான், கையசைப்பான் என்றெல்லாம் கதைகளில் படிக்கிறோம். உண்மையில் அவனுக்கு அதற்கு மூச்சு இருப்பதில்லை. நான் ஓசையின்றி இரண்டு முறை உள்ளே போனேன்.

மூன்றாம் முறை மேலே வந்தபோது அவள் என் எதிரில் இருந்தாள். கைக்கெட்டாத தூரத்தில் நின்று நீந்திக்கொண்டிருந்தாள். நான் அவளை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் பின்னுக்குப் போனாள்! அந்தக் கணத்தில் எனக்கு உண்டான சினத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் இடுப்புத் தாவணியை அவிழ்த்து அதன் ஒரு தலைப்பை என் முகத்தில் எறிந்தாள். "இதப் பிடிங்க. என்னப் பிடிக்காதீங்க. மல்லாந்து கிடங்க, காலை ஆட்டாதீங்க!" என்றாள். வாத்தியார் பிள்ளைகளை அதட்டும் குரல் அது. நான் கீழ்ப்படிந்தேன். மறு தலைப்பைப் பற்றிக்கொண்டு அவள் என்னைப் பட்டமரம்வரை இழுத்துச் சென்றாள்.

நீரில் மூழ்குபவனுக்குக் கையைக் கொடாதே, துணியைக் கொடு. கையைக் கொடுத்தால் இரண்டு பிணம் என்பது என் மாமனார் வாவியில் தோணி வலித்துக்கொண்டே மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்று உலகெங்கும் உயிர்காப்போருக்குக் கற்பிக்கப்படுவதும் இதுவே.

சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையில், புகார் நகரத்துப் பத்தினிப் பெண்டிரின் பெருமையைக் கண்ணகி பாண்டிமாதேவிக்கு எடுத்துச் சொல்கிறாள். அவர்களுள் ஒருத்தி கரிகாலன் மகள் ஆதிமந்தி. கணவனைக் காவிரி கொண்டுபோக, நீரின் போக்கிலேயே தொடர்ந்து சென்று கடலிடமிருந்து அவனை மீட்டவள். பள்ளியில் இதைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். கற்பின் ஆற்றல் என்று விளக்கம் சொல்வேன். நீச்சலைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

மரக்கிளையைப் பற்றிக்கொண்டு கால்மணி நேரம் இருந்திருப்போம். அவள் என் பாதத்தை முகத்துப் பக்கமாக வளைத்து, கெண்டைக்காலை நீவி விட்டாள். வலி தணிந்தது. கட்டுப் பக்கம் திரும்புவதைவிட மருதமரம் கிட்டே இருந்தது. பட்டமரங்கள் மறைத்தமையால் இரு கரையிலும் எவரும் எங்களைக் காணவில்லை. எதிர்க்கரையில் நின்றவர்கள் கண்டது, மரக்கூட்டத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒருங்கே வெளிப்பட்டதையும், பின்னர் நான் ஒரு கைநீளம் முன்னே கரை தொட்டதையும்தான். ஆரவாரம் செய்தார்கள். என் தோழன் ஒருவன் என்னைத் தூக்கிக்கொண்டான். நெல்மூட்டை எனக்கு, மண்வெட்டி அவளுக்கு. நடந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசி நூறு யாரில் அவள் வேண்டுமென்றே பின்தங்கினாள் என்று எனக்கு ஐயமில்லை. அதையும் நான் கேட்கவில்லை.

நீண்டதூர நீச்சலில் பெண்கள் ஆண்களுக்கு நிகராகவோ மேலாகவோ நிற்பது புதுமையன்று என்பதை நான் பின்னாளில் படித்து அறிந்தேன். குற்றமுள்ள நெஞ்சு நிறையப் படிக்கும். 1926ஆம் ஆண்டு கெர்ட்ரூட் எடர்லி என்னும் அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது, அதுவரை ஆண்கள் நாட்டியிருந்த சாதனையை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தால் முறியடித்தாள். 1954இல் மரிலின் பெல் என்னும் பதினாறு வயதுக் கனேடியப் பெண் ஒன்ராறியோ ஏரியைக் கடந்தாள். இரவும் குளிரும் ஒருபுறம். அட்டைபோல் உடலில் ஒட்டும் ஏரி மீன்கள் மறுபுறம். இருபத்தொரு மணி நேரம் நீந்தினாள். பணம் பேசி அழைக்கப்பட்டிருந்த பெயர்பெற்ற வீராங்கனை புளோரன்ஸ் சாட்விக் இடையிலே விலகிவிட்டாள். பள்ளிச் சிறுமி கரை சேர்ந்தாள். 1958ஆம் ஆண்டுக் கால்வாய்ப் பந்தயத்தில் ஆண் பெண் அனைவருக்கும் முன்னே வந்தவள் டென்மார்க்கில் பிறந்த கிரேட்டா அண்டர்சன்; ஆண்களுள் முதல்வர் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த புரொஜேன் தாஸ். மறு ஆண்டில் வங்காளத்து ஆரதி சாகா அதே கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்ணானாள். பெண்ணுடலில் கொழுப்பு விகிதம் கூடுதல். இடையும் காலும் எளிதாக மிதக்கும். ஆகவே நீரின் தடை குறையும், குளிரும் தாமதமாகவே உறைக்கும் என்று அறிவியலார் காரணம் கூறுவர். குறுந்தூரத்தில் ஆணின் தோள்வலி வெல்லும். தூரம் நீள நீள அந்த இடைவெளி சுருங்கும்.

நம்மவர் கதையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1954இல் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு இருபத்தேழு மணி நேரத்தில் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். 1966இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். வல்வெட்டித்துறை தந்த மகன் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அந்த நீரிணையைப் போக வர இருவழியும் ஐம்பத்தொரு மணி நேரத்தில் நீந்தி உலகை வியப்பில் ஆழ்த்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் துறந்தார். 2004ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையைக் கடந்த பூலா சௌத்ரியின் கணவர் சஞ்சீவ் சக்கரவர்த்தியும் நீச்சல் வீரரே. அந்த வீட்டில் யார் முந்தியவர் என்ற பேச்சு எப்படி முடிந்திருக்கும் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி எழுவான்கரை வீட்டின் கூரையைக் கொண்டுபோயிற்று. 1990இல் ஒருமுறை ஓடினோம். 2007இல் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்து வாவி கடந்து வந்தபோது, என் தாய் வீட்டார் எங்கள் முற்றத்தில் கூடாரமிட்டனர். இவற்றையெல்லாம் எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். இவற்றுக்கு நடுவே வந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26. என் மனைவியின் தங்கையைக் கடல் கொண்டுபோயிற்று. அக்காளுக்கு நீந்தக் கற்பித்த தந்தை, தங்கை வளருமுன் இறந்துவிட்டார். அவளுக்கு நீந்தத் தெரியாது. அந்த ஆழிப்பேரலையில் பல கடற்கரைகளில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர் என்று அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் கூறின; நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே பழக்கியிருந்தமை காரணங்களுள் ஒன்று. நீச்சல் தெரிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அந்த அலை வல்ல நீச்சற்காரர்களையும் விடவில்லை. ஆனால் என் மனைவி அப்படித்தான் நினைத்தாள்.

முப்பத்தோராம் நாள் கழிந்து சில மாதங்களில், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு வாவியின் ஆழமற்ற இடத்தில் மிதக்கக் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள். பெற்றோர் சிலரை அழைத்துக் கூட்டம் ஒன்றும் வைத்தோம். தண்ணீரைக் கண்டாலே ஊர் நடுங்கிய காலம். "பெண்பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு? அதால ஆருக்கு என்ன காணும்?" என்று ஒருவர் கேட்டார். என் மனைவி விடை சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் மருதமரத்தடியில் பார்த்த அதே பார்வை. ஊருக்கு நான் வாத்தியார். என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. உன்னிச்சைக் குளத்தில் என்னை இழுத்துக் கரைசேர்த்தவள் இவள் என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தின் முடிவு வேறாக இருந்திருக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீச்சலின் பயன்களைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் பேசினேன். நான்கு பிள்ளைகள்தாம் வந்தனர். அவர்களுக்கு அவள் மூன்று மாதம் கற்பித்தாள். ஒருமுறையும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த நால்வரில் ஒருத்தி இப்போது தன் மகளுக்குக் கற்பிக்கிறாள் என்று அறிகிறேன்.

சென்ற மாதம் உறவினர் வீட்டு விசேடம் ஒன்றுக்காக உன்னிச்சைப் பக்கம் போனோம். குளத்து நீர் இப்போது வயலுக்கு மட்டுமன்றி மட்டக்களப்பு நகரின் குடிநீர்க் குழாய்களுக்கும் போகிறது. மருதமரம் இருந்த இடம் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள் காட்டினாள். அங்கே கட்டின்மேல் அமர்ந்து, இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை அவளிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெல்லப் படித்தாள். பாக்குச் சீவியது தானல்ல, மாமி என்று திருத்தினாள். முதலையைப் பற்றிய பகுதிக்கு இலேசாகச் சிரித்தாள். தங்கையைப் பற்றிய இடத்தில் தாளைச் சற்று நேரம் மடியில் வைத்திருந்தாள். கூட்டத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "கடைசியில எழுதியிருக்கிறது பிழை" என்றாள்.

"எது?"

"நான் வேணுமெண்டு பின்னுக்கு நிக்கல்ல. உங்கள இழுத்த கை ஓய்ஞ்சு போச்சு. மரத்தடியிலயே தூக்க ஏலாமப் போச்சு. நீங்க உண்மையாத்தான் முந்தினீங்க, மச்சான்."

இத்தனை ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கல்லயே."

அது மெய்யா, அல்லது எனக்காக இப்போது சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெயில் தாழ்ந்துவிட்டது, யானை இறங்கும் நேரம், எழும்புங்க என்றாள். கைப்பிரதியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, கட்டின் சரிவில் எனக்கு முன்னே இறங்கினாள்.